‘திறமையில்லை’ என்ற புளுகு

முதலாளிமார்களின் சங்கங்கள் மாநாடு கூட்டினாலும் சரி, மந்திரிமார்கள் திறப்பு விழாவில் மாலை போட்டுக்கொண்டு பேசினாலும் சரி, சில ஆண்டுகளாக ஒரே பல்லவியைத்தான் கேட்டு வருகிறோம். நம் வாலிபர்களிடம் பட்டம் இருக்கிறதாம், திறமை இல்லையாம். தொலைத்தொடர்பு ஊழியர்களிடம் அனுபவம் இருக்கிறதாம், நவீன யந்திரங்களைக் கையாளும் அறிவு இல்லையாம். ஆகவே வேலையை வெளியாருக்குக் குத்தகை விடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று முதலைக் கண்ணீர் வடிக்கிறார்கள். இவர்களுக்குத் தாளம் போடும் பெரிய பத்திரிகைகள் இதையே தலையங்கமாக எழுதுகின்றன.

இந்தப் பிலாக்கணத்தைச் சற்று நிறுத்திவிட்டு, உண்மை என்ன என்று பார்ப்போம்.

நவீன யந்திரம் என்று இவர்கள் சொல்வது எதை? ரூட்டர், சுவிட்ச் என்ற பெட்டிகளைத்தான். வீட்டு மூலையில் பச்சை விளக்கு மினுக்கும் சின்ன டப்பா அல்ல இது. ரயில்வேக்கும் பாங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் இணைப்பைப் பிரித்துக் கொடுக்கும் பெரிய பெட்டிகள். இவற்றை வாங்கி மின்சாரம் கொடுத்தால் மட்டும் ஓடிவிடாது. எந்த ஊர்த் தகவல் எந்த வழியாகப் போக வேண்டும், எது எதனோடு கலக்கக் கூடாது, ஒரு வழி அறுந்தால் மறு வழி எது என்று ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் வரிவரியாகக் கட்டளை அடித்துச் சொல்லித் தர வேண்டும்.

இது கஷ்டமான வேலையா? கஷ்டமான வேலைதான். முதல் ஆறு மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கும் என்று இந்தத் துறையில் இருக்கும் தோழர்கள் சொல்கிறார்கள். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கஷ்டம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறோம். ஒரு பங்கு விஷயத்திலேயே இருப்பது. மீதிப் பங்கு மனிதர்கள் வைத்தது. அதிலும் லாபத்துக்காக வைத்தது.

விஷயத்திலேயே இருக்கும் பங்கைப் பற்றி நமக்குப் பயமில்லை. அரை, கால், அரைக்கால், வீசம் என்று எதையும் பாதி பாதியாக வகுத்துப் பழகிய ஜனங்கள் நாம். 256 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதியை 128, 64, 32, 16 என்று பாதி பாதியாகக் கூறுபோட்டு, ஊருக்கு ஒன்று அலுவலகத்துக்கு ஒன்று என்று கொடுப்பதற்குத்தான் ‘சப்நெட்’ என்று பெயர். ஒரே சத்திரத்தில் தட்டி கட்டித் தடுத்துப் பல குடும்பங்களைத் தங்க வைப்பதைப் போல, ஒரே சுவிட்சுக்குள் பல அலுவலகங்களைத் தனித்தனியே வைப்பதற்கு ‘விலேன்’ என்று பெயர். நாம் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவர்கள். கண்ணாடி இழை ஒட்டும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் துண்டுப் பிரசுரத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டியபோது, அரை மணி நேரத்தில் இரண்டும் நமக்குப் புரிந்துவிட்டன. அவருக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. வேலைக்கு வந்த இஞ்சினீயர்களின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டவர். இவரைத்தான் திறமையற்றவர் என்கிறது நிர்வாகம். இதுவரை அவர் கையில் ஒரு பாஸ்வேர்டைக் கூடக் கொடுத்ததில்லை!

இனி மனிதர்கள் வைத்த கஷ்டத்துக்கு வருவோம். ஓர் உதாரணம் போதும். உலகச் சந்தையில் கொடிகட்டிப் பறக்கும் சிஸ்கோ கம்பெனியின் சுவிட்சுகள் இரண்டை இணைக்கும் ஒரு கம்பியில் 10, 20 என்ற எண்ணுள்ள இரண்டு விலேன்கள் போய்க்கொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதாக 30-ஐயும் அனுமதிக்க வேண்டும். புதிதாக வந்தவர் என்ன நினைப்பார்? ‘சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலேன் 30’ என்று அடித்தால் 30-ம் சேர்ந்துகொள்ளும் என்றுதான் நினைப்பார். சேராது. 10-ம் 20-ம் வெளியே தள்ளப்பட்டு, 30 மட்டும் நிற்கும். நடுவே ‘ஆட்’ என்ற ஒரு சிறு சொல்லைச் சேர்த்திருக்க வேண்டும். அதைச் சேர்க்க மறந்தால் யந்திரம் எச்சரிக்காது. நிச்சயம்தானா என்று ஒரு கேள்வி கேட்காது. என்டர் தட்டிய கணத்தில் இரண்டு அலுவலகங்கள் இருண்டுவிடும். அதைவிடக் கொடுமை, கட்டளை அடித்தவரே 10-ன் வழியாகத்தான் அந்தச் சுவிட்சுக்குள் வந்திருந்தார் என்றால், அவரும் வெளியே விழுவார். நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டிய கதைதான். பிறகு நடுராத்திரியில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பெட்டி இருக்கும் ஊருக்கு ஓட வேண்டும்.

உலகெங்கும் இந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்தக் குழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். தப்பிக்க அவர்கள் ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். ஆபத்தான கட்டளை அடிக்கும் முன் ‘ரீலோட் இன் 10’ என்று அடித்துவிடுவார்கள். பத்து நிமிஷத்தில் யந்திரம் தானாக அணைந்து எழுந்து, கடைசியாகச் சேமித்த பழைய நிலைக்குத் திரும்பும். எல்லாம் சரியாக நடந்துவிட்டால் அந்தக் கெடுவை ரத்து செய்துவிடலாம். இந்த உபாயம் புது ஆளுக்கு யார் மூலம் தெரியும்? பழைய ஆள் பக்கத்தில் இருந்தால் தெரியும். பழைய ஆளையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டால்?

இதற்கு மாற்று இல்லையா என்றால் இருக்கிறது. ஜுனிப்பர் கம்பெனியின் ரூட்டர்களில் கட்டளைகளை முதலில் எழுதிவைத்து, சரிபார்த்து, பிறகுதான் அமல் செய்ய வேண்டும். ‘கமிட் கன்பர்ம்டு’ என்று அடித்தால், பத்து நிமிஷத்துக்குள் நீங்கள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் யந்திரமே பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பிவிடும். சிஸ்கோவும் தன் பெரிய, விலை உயர்ந்த ரூட்டர்களில் எழுதிவைத்துப் பின் அமல் செய்யும் முறையைக் கொண்டுவந்தது. ஆக, தொழிலாளி தவறினாலும் தாங்கிக்கொள்ளும் யந்திரத்தைச் செய்ய முடியும். அது விஞ்ஞானத்தால் முடியாத காரியம் அல்ல. நெசவு மில்லில் பாதுகாப்புக் கம்பி வைக்காமல் விட்டுவிட்டு, கை போன பிறகு “கவனக் குறைவு” என்று எழுதிய அதே மேஸ்திரி புத்திதான் இங்கும் வேலை செய்கிறது.

பாஷையையும் எடுத்துக்கொள்ளுங்கள். சிஸ்கோவில் ‘டிரங்க்’ என்றால் பல விலேன்களைச் சுமந்து செல்லும் ஒரு கம்பி. எச்.பி. கம்பெனியின் சுவிட்சில் ‘டிரங்க்’ என்றால் பல கம்பிகளைச் சேர்த்து ஒன்றாக்கிக் கட்டிய கட்டு. ஒரே சொல், இரண்டு அர்த்தம். ஒரு கம்பெனியில் ஐந்து வருஷம் வேலை கற்றவர் மறு கம்பெனியின் பெட்டி முன் உட்கார்ந்தால் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். இது தற்செயலாக வந்த குழப்பம் என்று சிலர் சொல்லலாம். தொடக்கத்தில் தற்செயலாகவே இருந்திருக்கலாம். அதில் கிடைத்த லாபத்தைக் கண்ட பிறகு அது தற்செயல் அல்ல. அந்தக் கதையைத்தான் அமெரிக்கக் கோர்ட்டே உலகத்துக்குக் காட்டியது.

2014 டிசம்பரில் சிஸ்கோ கம்பெனி, அரிஸ்டா என்ற போட்டிக் கம்பெனியின் மேல் வழக்குப் போட்டது. அரிஸ்டா செய்த குற்றம் என்ன? சிஸ்கோ யந்திரத்தில் அடிக்கும் கட்டளைச் சொற்றொடர்களில் 500-க்கும் மேற்பட்டவற்றைத் தன் யந்திரத்திலும் அப்படியே வைத்தது! ஏற்கெனவே கற்றவர்கள் மறுபடி கற்க வேண்டியிராதல்லவா? அதுதான் குற்றம். இந்தச் சொற்களெல்லாம் எங்கள் சொத்து என்றது சிஸ்கோ. இவை தொழில் முழுவதற்கும் பொது வழக்கு என்றது அரிஸ்டா. 2016 டிசம்பரில் ஜூரிகள், காப்புரிமை விஷயத்தில் அரிஸ்டாவின் வாதத்தையே ஏற்றார்கள். ஆனாலும், பேடண்டு சண்டைகளையும் சேர்த்து 2018 ஆகஸ்டில் ராஜி ஆனபோது அரிஸ்டா 40 கோடி டாலர் கொடுத்தது. அரிஸ்டாவும் தர்ம ஸ்தாபனம் அல்ல. இரண்டு முதலைகளின் சண்டை என்பது நமக்குத் தெரியும். ஆனால் முதலைகள் சண்டையிடும்போதுதான் குளத்தின் ஆழம் தெரிகிறது. தொழிலாளி ராத்திரி பகலாகக் கண்விழித்துக் கற்றுக்கொண்ட பாஷை, கம்பெனியின் மூலதனமாக மாறிவிடுகிறது. அவர் கற்ற கஷ்டமே, நிர்வாகத்தை வேறு கடைக்குப் போகவிடாமல் கட்டிப்போடும் கயிறு. எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு உறுதியான கயிறு!

இத்தனைக்கும் இந்த அறிவு கம்பெனிகளின் பாட்டன் தேடிவைத்த சொத்தா? சிஸ்கோவை 1984-ல் தொடங்கியவர்கள் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் வேலை பார்த்த லியனார்டு போசாக், சாண்டி லெர்னர் என்ற இருவர். அதன் முதல் ரூட்டருக்கு அடிப்படையான நிரல் அந்தச் சர்வகலாசாலையில் பிறந்தது. 1987-ல்தான் ஸ்டான்போர்டு அதற்கு முறையான உரிமம் கொடுத்தது. இன்று உலக இணையம் முழுவதையும் ஒன்றோடொன்று தைத்து வைத்திருக்கும் பி.ஜி.பி. என்ற விதிமுறை, 1989-ல் ஒரு பொதுக் கூட்டத்துக்கு வந்த இரண்டு இஞ்சினீயர்கள் சாப்பாட்டு வேளையில் கைதுடைக்கும் காகிதத்தில் எழுதியது. ஒருவர் சிஸ்கோவைச் சேர்ந்த லாகீட், மற்றவர் ஐ.பி.எம்.மைச் சேர்ந்த ரெக்டர். அந்த விதிமுறைகள் 1969 முதல் ஆர்.எப்.சி. என்ற பெயரில் வரிசையாக வெளியாகி வருகின்றன. எவரும் காசில்லாமல் படிக்கலாம். பொது அறிவாகப் பிறந்தது, கடையில் ஏறும்போதுதான் பூட்டு மாட்டிக்கொள்கிறது.

பூட்டுக்குச் சாவியும் விற்கிறார்கள். பரீட்சை என்று அதற்குப் பெயர். சிஸ்கோ 1993-ல் சி.சி.ஐ.இ. என்ற உயர் பரீட்சையையும் 1998-ல் சி.சி.என்.ஏ. என்ற ஆரம்பப் பரீட்சையையும் கொண்டுவந்தது. ஆரம்பப் பரீட்சைக்கே கட்டணம் 300 டாலர். நம் பணத்தில் 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல், வரி வேறு. தோற்றால் மறுபடி முழுக் கட்டணம். ஜெயித்தாலும் மூன்று வருஷத்தில் காலாவதி! டாக்டர் பட்டம் காலாவதி ஆகிறதா? வக்கீல் பட்டம் காலாவதி ஆகிறதா? இந்தச் சான்றிதழ் மட்டும் மருந்துப் புட்டியைப் போலக் கெட்டுப்போகிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் ஒப்பந்தக் கம்பெனியோ, சான்றிதழ் கொண்டுவா என்கிறது. அதற்கான செலவில் சல்லிக்காசு கொடுப்பதில்லை. நகை அடகு வைத்துப் பரீட்சை எழுதிய வாலிபர்களை நமக்குத் தெரியும்.

“சிஸ்கோ இலவசமாகவும் கற்றுக்கொடுக்கிறதே, 1997 முதல் அகாடமி நடத்துகிறதே, பாக்கெட் டிரேசர் என்ற பழகு கருவியை இலவசமாகக் கொடுக்கிறதே” என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். அது நல்ல கருவி. வாலிபர்கள் தாராளமாக அதில் பழகட்டும் என்றுதான் நாமும் சொல்கிறோம். ஆனால் அதில் பழகும் கட்டளைகள் யாருடையவை? முதல் போகத்துக்கு விதையை இலவசமாகக் கொடுத்த கம்பெனி இரண்டாம் போகத்துக்கு என்ன விலை சொன்னது என்பதை நம் விவசாயிகளிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சரி, சான்றிதழும் அனுபவமும் உள்ளவர்கள் தவறுவதே இல்லையா? 2021 அக்டோபர் 4-ந் தேதி பேஸ்புக் கம்பெனியில் பராமரிப்பு வேலையின்போது அடித்த ஒரு கட்டளை, உலகெங்கும் உள்ள அதன் முதுகெலும்புக் கம்பிகளையெல்லாம் துண்டித்துவிட்டது. ஆபத்தான கட்டளையைத் தடுத்திருக்க வேண்டிய தணிக்கைக் கருவியிலேயே பிழை இருந்தது. வாட்ஸப் உட்பட எல்லாம் சுமார் 6 மணி நேரம் படுத்துவிட்டன. சரிசெய்யப் பயன்படும் உள்கருவிகளும் சேர்ந்து செயலிழந்ததால், ஆட்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. 2022 ஜூலை 8-ல் கனடாவின் ராஜர்ஸ் கம்பெனியில் ஒரு வடிகட்டும் விதியை நீக்கியதும் மைய ரூட்டர்கள் வெள்ளத்தில் மூழ்கின. 1 கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் தொடர்பில்லாமல் தவித்தார்கள். 2023 நவம்பர் 8-ல் ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் கம்பெனி. ஏறக்குறைய 14 மணி நேரம், சுமார் 1 கோடிப் பேர், அவசர உதவி எண்ணுக்கும் பலரால் பேச முடியவில்லை. அங்கெல்லாம் சம்பளத்துக்குக் குறைவா, சான்றிதழுக்குப் பஞ்சமா? “அமெரிக்க வாலிபர்களுக்குத் திறமை இல்லை” என்று எந்தப் பத்திரிகை தலையங்கம் எழுதியது? திருநெல்வேலிக்காரர் தவறினால் திறமைக் குறைவு; கலிபோர்னியாக்காரர் தவறினால் தொழில்நுட்பக் கோளாறு!

திறமை இருந்தால் வேலை நிலைக்கும் என்ற உபதேசமும் பொய். 2024-ல் அதே சிஸ்கோ, பிப்ரவரியில் நூற்றுக்கு 5 பேரையும் ஆகஸ்டில் நூற்றுக்கு 7 பேரையும் குறைப்பதாக அறிவித்தது. பரீட்சை வைத்துத் திறமையை அளக்கும் கம்பெனியின் சொந்த ஊழியர்கள் அவர்கள். 2025 ஜூலையில் எச்.பி. என்டர்பிரைஸ் கம்பெனி சுமார் 1,400 கோடி டாலருக்கு ஜுனிப்பரை விழுங்கியது. இருப்பதே நாலைந்து பெரிய கடைகள். அதில் ஒன்று இன்னொன்றின் வயிற்றுக்குள்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். தந்தி தபால் இலாகா காலத்து ஊழியர்கள் எத்தனை யந்திரங்களைக் கற்றார்கள்! ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சு போய் கிராஸ்பார் வந்தது. அது போய் பிரெஞ்சுக்காரர்களின் மின்னணு எக்ஸ்சேஞ்சு வந்தது. பிறகு 1984-ல் அமைத்த சி-டாட் நிறுவனம் நம் நாட்டிலேயே வடிவமைத்த எக்ஸ்சேஞ்சு வந்தது. 128 இணைப்புக் கொண்ட அந்தச் சின்ன கிராம எக்ஸ்சேஞ்சை 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் வைத்தார்கள். குளிர்சாதனம் இல்லாமல், நம் வெயிலிலும் புழுதியிலும் ஓடுமாறு செய்தது அது. ஒவ்வொரு முறையும் யந்திரம் மாறியது, ஆள் மாறவில்லை. அதே ஊழியரை, வேலை நேரத்தில், சம்பளத்தோடு, சென்னை மீனம்பாக்கம் போன்ற பயிற்சிக் கூடங்களுக்கு அனுப்பிக் கற்றுக்கொடுத்தார்கள். திரும்பி வந்தவர் ஊரில் இருந்த மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்தார். செங்குத்தான ஏற்றத்துக்கும் படி வெட்டினால் ஏறலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்தப் படியை இடித்தவர்கள் யார்? 2000 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். என்று இலாகாவைக் கம்பெனியாக மாற்றினார்கள். தனியார் 4ஜி கொடுத்துக் கொழுத்துக்கொண்டிருக்க, பொதுத்துறையை மட்டும் வருஷக்கணக்கில் அதற்கு அனுமதிக்காமல் காக்கவைத்தார்கள். சம்பளத்தை மாதக்கணக்கில் தாமதித்துவிட்டு, “விருப்ப ஓய்வு” என்ற அழகான பெயரில் ஒரு திட்டம் நீட்டினார்கள். 2020 ஜனவரி 31 அன்று, ஒரே நாளில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வெளியேறினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர்! அந்த ஒரு சாயங்காலத்தில் எத்தனை ‘ரீலோட் இன் 10’கள் வாசலைத் தாண்டிப் போயின என்று எந்த மந்திரியாவது கணக்குப் போட்டாரா? அனுபவத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே அனுபவம் இல்லை என்று அழுகிறார்கள்.

இப்போது பாரத்நெட் வந்திருக்கிறது. 2011-ல் அனுமதித்து, 2015-ல் பெயர் மாற்றி, கெடு மேல் கெடு தவறிய திட்டம் அது. 2023 ஆகஸ்டில் 1 லட்சத்து 39 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி அதைத் திருத்தி அமைத்தார்கள். முன்பு மரக்கிளை போல ஒன்றியத்திலிருந்து ஊருக்குக் கம்பி போனது. ஒரு கிளை முறிந்தால் அந்த ஊர் இருட்டு. திருத்திய திட்டத்தில் ஊர்களை வளையமாகக் கோத்து, ஒரு பக்கம் அறுந்தால் மறு பக்கமாகத் தகவல் போகுமாறு ரூட்டர்களை வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, வரவேற்கிறோம். தமிழ்நாட்டில் மட்டும் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உள்ளன. இந்தத் திட்டத்துக்கு முழு உயிர் வர வேண்டுமானால் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இந்தப் பெட்டிகளைத் தெரிந்த கைகள் வேண்டும். ஆனால் பராமரிப்பைப் பத்து வருஷத்துக்கு ஒப்பந்தக் கம்பெனிகளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். குழி தோண்டுபவர், இழை ஒட்டுபவர், கம்பம் ஏறுபவர் நம் ஊர்க்காரர்; கூலி தினக்கூலி. பாஸ்வேர்டு வெளியூரில். ராத்திரி ஒன்பது மணிக்கு ஊராட்சி அலுவலகத்தில் இணைப்பு போனால், அறுந்தது கம்பியா கட்டளையா என்று பார்க்கக்கூட உள்ளூர்த் தொழிலாளிக்கு உரிமை இல்லை.

மனமிருந்தால் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். கேரளத்தில் பள்ளிக்கூடங்கள் கட்டற்ற மென்பொருளில் கற்றுக்கொடுக்கின்றன. அங்கே கே-போன் என்ற சர்க்கார் இணைய வலையை இடது ஜனநாயக முன்னணி ஆட்சி 2023 ஜூன் 5-ல் தொடங்கி வைத்தது. 2025 செப்டம்பரில் தொடங்கிய பி.எஸ்.என்.எல். 4ஜி-யின் மைய நிரலே சி-டாட் செய்தது. (அதோடு டாடா குழுமக் கம்பெனிகளுக்கும் விருந்து வைத்தார்கள் என்பது வேறு கதை.) எப்.ஆர்.ஆர்., வி.ஒய்.ஓ.எஸ். போன்ற கட்டற்ற ரூட்டர் நிரல்கள் இருக்கின்றன. ஒரு சாதாரண கம்ப்யூட்டரிலேயே பி.ஜி.பி.யை ஓட்டிப் பழகலாம். பரீட்சைக் கட்டணம் இல்லை, காலாவதி இல்லை.

தொழிற்சங்க நண்பர்களில் சிலர், “இதெல்லாம் இஞ்சினீயர் விஷயம், கோரிக்கைப் பட்டியலில் எதற்கு?” என்கிறார்கள். கூலி உயர்வு எவ்வளவு முக்கியமோ, வேலையைக் கற்கும் உரிமையும் அவ்வளவு முக்கியம். கற்றவரைச் சுலபமாக வெளியே தள்ள முடியாது என்பது நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கற்க விடுவதில்லை. ஆகவே கோரிக்கைப் பட்டியலில் இவை ஏறட்டும்: பயிற்சி வேலை நேரத்தில், கூலியோடு, பரீட்சைக் கட்டணம் நிர்வாகத்தின் செலவு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே வகுப்பு, நிரந்தரம் செய்யும்போது அந்தத் தேர்ச்சிக்குக் கணக்கு. டெண்டரில், எல்லா ரூட்டரின் ஏற்பாட்டுப் பிரதியும் பாஸ்வேர்டும் பொதுத்துறையின் கையில் இருக்க வேண்டும் என்ற ஷரத்து. கட்டளைகள் ஆங்கிலத்தில் இருந்தாலும், அவற்றை விளக்கும் கைப்புத்தகம் தமிழில்.

இன்னும் ஒன்று. ஓடும் வலையில் பழகினால் ஊர் இருளும். பழக ஓடாத யந்திரம் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் கழித்துப்போட்ட சுவிட்சுகளும் ரூட்டர்களும் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. மாவட்டத்துக்கு ஒரு சர்க்கார் பாலிடெக்னிக்கில் அப்படி ஆறு பெட்டிகளை வைத்து, சாயங்காலத்தில் கதவைத் திறந்துவிட்டால் போதும். 1 லட்சத்து 39 ஆயிரம் கோடியில் இதற்கு இடமில்லையா என்று கேட்கிறோம். தொலைத்தொடர்பு மந்திரி பதில் சொல்லட்டும்.